நிழலும் காற்றும்: புதுச்சேரியில் வீடு கட்டுமுன்

மனை வாங்கிவிட்டேன், பிளான் போட ஆள் சொல்லுங்கள் என்று வருகிறவர்களை நான் முதலில் மனைக்கே திருப்பி அனுப்புவேன். கையில் ஒரு மூங்கில் கழி, ஒரு பழைய புடவைக் கிழிசல், கொஞ்சம் கோலமாவு இருந்தால் போதும். கழியை மனையின் நடுவே நட்டு, அதன் நிழல் காலை ஒன்பது மணிக்கும் நண்பகலிலும் மாலை நாலு மணிக்கும் எங்கே விழுகிறது என்று கோலமாவால் கோடு போடுங்கள். உச்சியில் கட்டிய துணி பிற்பகல் இரண்டு மணிக்கும், விளக்கு வைத்த பிறகும், படுக்கப் போகுமுன்னும் எந்தப் பக்கம் பறக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சித்திரையில் ஒரு நாள், மார்கழியில் ஒரு நாள் இதைச் செய்ய முடிந்தால் மிக நல்லது. ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் சித்திரையைத் தேர்ந்தெடுங்கள்.

கோடை முற்பகலில் துணி கிழக்கு நோக்கிப் பறக்கும். தரைப்பக்கமிருந்து வரும் உலர்ந்த மேற்குக் காற்று அது. கடற்காற்று ஏறியதும் துணி திரும்பி மேற்கே பறக்கத் தொடங்கும். சில நாள் பதினோரு மணிக்கே ஏறிவிடும். மேற்குக் காற்று வலுத்திருக்கும் நாளில் மூன்று மணி வரை காக்க வைக்கும். அக்கம்பக்கத்து மாடிகள் உங்கள் மனைக்கு வரும் காற்றைத் திருப்பிவிட்டிருக்கலாம். அதை எந்தப் புத்தகமும் சொல்லாது, துணி சொல்லிவிடும். இந்தக் கோடுகளும் குறிப்புகளும் இல்லாமல் வரைபடம் வரைய உட்காரக் கூடாது என்பதே என் பிடிவாதம்.

நம் ஊர் வெயில் எங்கிருந்து வருகிறது

புதுச்சேரி ஏறக்குறைய 12 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட நான்கு மாதமும் அது நமக்கு வடக்கே சற்றுச் சாய்ந்தே கடக்கும். ஆகவே கத்திரி வெயில் கொளுத்தும் மே மாதத்தில் தெற்குச் சுவரில் நண்பகல் வெயில் விழுவதே இல்லை. டிசம்பரில்தான் சூரியன் தெற்கே இறங்கி நண்பகலில் 55 பாகை உயரத்தில் நிற்கும். அந்த மாத வெயில் யாருக்கும் தொல்லையில்லை, துணி காயவும் உதவும்.

தெற்குப் பார்த்த வீடு சுடும் என்று சொல்லி விலையைக் குறைத்துக் கேட்பவர்கள் உண்டு. நம் ஊர்க் கணக்கு வேறு. தெற்கையும் வடக்கையும் இரண்டடிச் சன்ஷேட் ஒன்றே பெரும்பாலும் காப்பாற்றிவிடும். வீட்டைச் சுடுபவை கூரையும் மேற்குச் சுவரும். அடுத்தது கிழக்குச் சுவர்.

இதோடு ஈரக்காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். ராஜஸ்தானத்தில் தடித்த சுவர் பகல் வெப்பத்தை வாங்கி வைத்திருந்து, குளிர்ந்த இரவில் விட்டுவிடும். நம் கடற்கரையில் இரவு அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. வாங்கிய சூட்டைச் சுவர் விடுவதற்குள் மறுநாள் விடிந்துவிடுகிறது. அங்கே ஏர் கூலர் பயன்படும். இங்கே ஏற்கெனவே ஈரமான காற்றில் அது இன்னும் ஈரத்தைச் சேர்த்துப் புழுக்கத்தைத்தான் கூட்டும். நம் உடம்பு குளிர ஒரே வழி வியர்வை காய்வது. வியர்வை காயக் காற்று நகர வேண்டும். ஆகவே புதுச்சேரி வீட்டுக்கு வேலை இரண்டு: வெயிலைச் சுவரில் படுமுன்பே நிறுத்துவது, காற்றை ஆள் மேல் படும்படி உள்ளே விடுவது. இந்த இரண்டையும் ஒருசேரச் செய்து காட்டிய கட்டடம் நம் ஊரிலேயே இருக்கிறது.

கோல்கொண்ட் கற்றுத் தருவது

ஸ்ரீ அரவிந்த ஆசிரமத்தின் தங்குமிடமான கோல்கொண்ட், 1937-இல் தொடங்கி 1940-களின் முற்பகுதி வரை பொறுமையாகக் கட்டப்பட்டது. ஐதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் நிஜாம் அரசின் நன்கொடை கிடைத்தது. அந்த நன்றிக்காகவே கோல்கொண்டாவின் பெயர். வடிவமைத்தவர் ஆன்டனின் ரேமண்ட். பொஹீமியாவில் பிறந்தவர். ஃபிராங்க் லாய்ட் ரைட்டின் இம்பீரியல் ஓட்டல் வேலைக்காக ஜப்பான் போய், டோக்கியோவிலேயே சொந்த அலுவலகம் நடத்தியவர். அவர் அலுவலகத்திலிருந்து வந்த ஜார்ஜ் நகஷிமாவும் ஃபிரான்டிசெக் சாமரும் இங்கேயே தங்கி வேலையை நடத்தினார்கள். நகஷிமா பின்னாளில் அமெரிக்காவில் மரவேலைக்காக உலகப் புகழ் பெற்றார். இந்தியாவில் ஆர்.சி.சி. கான்கிரீட்டில் எழுந்த முதல் நவீனக் கட்டடங்களில் ஒன்று இது. மின்சாரக் குளிரூட்டல் இல்லாமல் இன்றும் மக்கள் அதில் தங்குகிறார்கள்.

அதன் அழகைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். வீடு கட்டுகிறவர் பார்க்க வேண்டியவை வேறு.

முதலில் அதன் கிடை. நீண்ட முகங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. கிழக்கும் மேற்கும் குறுகிய முனைகள் மட்டுமே. மேற்கு வெயில் தாக்க அங்கே பெரிய சுவரே இல்லை. பிறகு அதன் அகலம். ஒரு வரிசை அறை, அதை ஒட்டி வடக்கே ஒரு நடைவழி, அவ்வளவுதான். அறைக்குப் பின்னால் இன்னொரு அறை கிடையாது. தெற்கே நுழையும் காற்று அறையைக் கடந்து நடைவழி வழியே வடக்கே வெளியேறுகிறது. நம் மாடி வீடுகளில் நடு அறை ஒன்று நாலு பக்கமும் சுவரோடு கிடந்து பகலிலும் விளக்குக் கேட்கிறதே, அந்தத் தவறுக்கு இங்கே இடமே வைக்கவில்லை.

மூன்றாவது, ஜன்னல். கோல்கொண்டில் வழக்கமான ஜன்னலே இல்லை. தரையிலிருந்து மேல்வரை முகம் முழுக்கக் கிடைமட்டப் பலகைகள், கைப்பிடியால் திருப்பலாம். வெயிலுக்கு ஒரு சாய்வு, காற்றுக்கு ஒரு சாய்வு, ஐப்பசி மழைக்கு முழு மூடல். அறைக்கும் நடைவழிக்கும் இடையே இழுத்துத் திறக்கும் தேக்குக் கதவுகள். அவற்றின் சட்டங்களுக்கு இடையே விட்ட இடைவெளியில் காற்று போகும், பார்வை போகாது. கதவைச் சாத்திய பிறகும் காற்று ஓடும் அறை என்பது நம் ஊரில் எவ்வளவு பெரிய வசதி என்று புழுக்கமான ஆகஸ்ட் இரவில் கதவைச் சாத்திப் படுத்தவர்களுக்குத் தெரியும்.

ஓர் எச்சரிக்கை. அன்று அந்தப் பலகைகளை ஆஸ்பெஸ்டாஸ் சிமென்டில் வார்த்தார்கள். அதன் தூசி நுரையீரலை அழிக்கும் என்பது இன்று நிறுவப்பட்ட உண்மை. எண்ணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், பொருளை வேண்டாம். மரம், அலுமினியம், சுடுமண், மெல்லிய கான்கிரீட் எதிலும் இதைச் செய்யலாம். கடலுக்கு இரண்டு தெருவுக்குள் என்றால் சாதாரண இரும்புக் கீல் சில வருடத்தில் உப்புக்காற்றில் தின்றுபோகும். பித்தளையோ நல்ல எவர்சில்வரோ போடுங்கள். கோல்கொண்டின் பித்தளைப் பொருத்துகளுக்காக அன்பர்கள் கொடுத்த பழைய பாத்திரங்களை ஆசிரமத்திலேயே உருக்கி வார்த்தார்கள்.

நான்காவது, கூரை. தட்டையான தளத்துக்கு மேலே வளைந்த மெல்லிய கான்கிரீட் ஓடுகளை அடுக்கியிருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே காற்று ஓடும் இடைவெளி. வெயில் மேல் ஓட்டைத்தான் சுடுகிறது. அந்தச் சூடு தளத்தில் இறங்குமுன் காற்று அதைக் கொண்டுபோய்விடுகிறது.

இரண்டு மாடிக்குக் குறைந்த வீட்டில் கூரைதான் எல்லாம்

தனிவீட்டில் மற்ற எதற்கும் பணம் இல்லையென்றால்கூடக் கூரைக்கு ஒதுக்குங்கள். நண்பகல் வெயில் சுவரைச் சாய்வாகத் தடவிப் போகிறது, மொட்டை மாடியில் செங்குத்தாக இறங்குகிறது. ஐந்தங்குலத் தளம் அந்தச் சூட்டைக் கீழே கடத்த மூன்று நான்கு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் வெயில் தாழ்ந்த பிறகு, இரவு ஒன்பது மணிக்கு, படுக்கையறைக் கூரையில் கையை உயர்த்தினாலே அனல் தெரிகிறது. மின்விசிறி அந்த அனலைத்தான் கீழே தள்ளுகிறது.

குடியிருப்புகளுக்கென்று மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதித்தொகுப்பு, கூரை வழியே ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு பாகை வேறுபாட்டுக்கு, 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கக் கூடாது என்கிறது. வெறும் ஆர்.சி.சி. தளத்துக்கு இந்த எண் மூன்றைத் தாண்டும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டி, மேலே தட்டோடு பதிப்பது நம் கொத்தனார்களின் பழகிய வேலை. மழைநீர் வழிய அது அவசியம், சூட்டையும் ஓரளவு குறைக்கும். ஆனால் அது தனியாக 1.2-ஐத் தொடாது. தளத்துக்கும் ஜல்லிக்கும் நடுவே ஓர் அங்குலக் கெட்டியான நுரைப்பலகை வைத்தால் தொட்டுவிடும். இதைத் தளம் போட்ட பிறகு, தட்டோடு பதிக்குமுன் சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டியிருக்கும்.

கட்டி முடித்த வீட்டில் இருப்பவர்களுக்கு மலிவான வழி வெள்ளை. மொட்டை மாடியைக் கழுவிக் காயவைத்துச் சுண்ணாம்பில் பசை சேர்த்து இரண்டு பூச்சு. கறுத்துப்போன தட்டோட்டில் நண்பகலில் வெறுங்காலோடு நிற்க முடியாது. புதிதாக வெள்ளையடித்ததில் நிற்க முடியும். மழையும் பாசியும் அதைக் கறுக்கச் செய்யும், ஆகவே ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலை இது. வெள்ளை ஓடு பதித்தாலும் அப்படித்தான், கழுவாமல் விட்டால் பயன் பாதியாகிவிடும்.

கோல்கொண்டின் இரட்டைக் கூரையை ஏழை வீட்டிலும் செய்யலாம். மாடியில் கீற்றுக் கொட்டகை போடுகிறோமே, அதுவும் இரட்டைக் கூரைதான். தகரக் கொட்டகை என்றால் பக்கங்களை அடைக்காதீர்கள். அடைத்தால் உள்ளே சுட்ட காற்று தேங்கித் தளத்தை இன்னும் சுடும். ஒன்று மறக்கக் கூடாது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் நமக்கும் நடுவே கரை கடந்தபோது கட்டிவைக்காத தகரமெல்லாம் தெருவில் பறந்தது. கம்பங்களைத் தளத்தின் பீமோடு போல்ட் போட்டு இறுக்காத கொட்டகை, நிழலைவிட ஆபத்தைத்தான் தரும்.

மேற்கு

தெற்கு ஜன்னலுக்குச் சன்ஷேட் போதும் என்றேன். மேற்குக்குப் போதாது. மே மாதம் மாலை நாலரை மணிக்குச் சூரியன் ஏறக்குறைய 30 பாகை உயரத்தில் இருக்கும். நாலரை அடி உயர ஜன்னலை அந்த வெயிலிலிருந்து சன்ஷேடால் மட்டும் மறைக்க வேண்டுமானால் அது எட்டடி நீள வேண்டும்! யாரும் அப்படிக் கட்டப்போவதில்லை. ஆகவே மேற்கில் படுக்கையறையையே வைக்காதீர்கள். மாடிப்படி, குளியலறை, சாமான் அறை, அலமாரிச் சுவர் ஆகியவற்றை அந்தப் பக்கம் தள்ளினால், அவை வெயிலை வாங்கிக்கொண்டு மற்ற அறைகளைக் காக்கும். மனையின் முகமே மேற்கு என்றால் முன்னால் ஆறடித் தாழ்வாரம் விட்டு, அதற்கு வெளிப்பக்கம் ஜாலிச் செங்கலோ மரச்சட்டமோ கொடியோ வையுங்கள். வெயில் கண்ணாடிக்கு வெளியே நிற்க வேண்டும். உள்ளே தொங்கும் திரைச்சீலை, சூடு வீட்டுக்குள் வந்த பிறகு போடும் பூட்டு.

கடற்கரைப் பக்கத்துப் பிரெஞ்சு வீடுகளைப் பாருங்கள். சட்டச்சட்டமாகப் பிளந்த மரக் கதவு ஜன்னலுக்கு வெளியே இருக்கும். சாத்தினால் வெயிலும் மழையும் நிற்கும், காற்று நிற்காது. புதுப்பிக்கும்போது அதைக் கழற்றிவிட்டுப் பெரிய கண்ணாடி போடுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

பக்கத்துச் சுவரோடு ஒட்டிய மனைக்கு

கோல்கொண்டுக்கு இருபக்கமும் தோட்டம் கிடைத்தது. நம்மில் பெரும்பாலோருக்குக் கிடைப்பது இரண்டு குழியை ஒட்டிய மனை. 20 அடி அகலம், 60 அடி நீளம், இருபக்கமும் அடுத்தவர் சுவர். இதற்கு விடை வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் தெருக்களில் இருக்கிறது. இன்டாக் அமைப்பின் முயற்சியில் முகப்புகள் மீட்கப்பட்ட வைசியாள் வீதியில் ஒருமுறை நடந்து பாருங்கள். தெருவை ஒட்டிச் சாய்ந்த தாழ்வாரமும் திண்ணையும் சுவரில் வெயில் விழாமல் காக்கின்றன. உள்ளே நடை, பிறகு வானம் திறந்த முற்றம், அதைச் சுற்றித் தூண் நிறுத்திய தாழ்வாரம், கடைசியில் கொல்லை. பக்கச் சுவரில் ஒரு ஜன்னல்கூட இல்லாமல் ஒவ்வோர் அறைக்கும் வெளிச்சமும் காற்றும் கிடைப்பது முற்றத்தால். தெருவாசலில் நுழையும் காற்று முற்றத்தில் மேலேறி வெளியேறும். இல்லையென்றால் கொல்லை வரை நேராக ஓடும். கொழும்பில் இதே நெருக்கடியைச் சந்தித்த ஜெஃப்ரி பாவா, 1960-களின் தொடக்கத்தில் ஈனா டி சில்வா வீட்டை முற்றத்தைச் சுற்றித்தான் கட்டினார்.

இன்றைய 20 அடி மனையில் பெரிய முற்றம் விட முடியாது. நீளத்தின் நடுவில் ஐந்துக்கு எட்டு அடி விட்டால் போதும். அந்த 40 சதுர அடியை ஓர் அறையாக்கிவிடலாமே என்று வீட்டில் பேச்சு வரும். விட்டுக்கொடுக்காதீர்கள். அதைச் சுற்றியுள்ள மூன்று அறைகள் அந்த 40 சதுர அடியால்தான் வாழ்கின்றன.

முத்தியால்பேட்டையில் நான் போய்ப் பார்த்த ஒரு வீட்டில் குரங்குக்கும் மழைக்கும் பயந்து முற்றத்தின் மேல் நிறமற்ற பிளாஸ்டிக் தகட்டை இடைவெளியில்லாமல் ஒட்டியிருந்தார்கள். வெயில் உள்ளே வரும், சூடு வெளியே போகாது. இரண்டு கோடைக்குள் மூன்று அறைக்கும் ஏ.சி. வாங்கிவிட்டார்கள். நான் சொன்னது ஒன்றே: தகட்டைச் சுவருக்கு மேல் இரண்டடி உயர்த்துங்கள், பக்கங்களில் கிரில் மட்டும் போடுங்கள், தகடு சுவரைத் தாண்டி ஓரடி நீளட்டும். "அவ்வளவுதானாங்க?" என்று கேட்டார் அந்த அம்மா. அவ்வளவுதான். சுட்ட காற்று வெளியேற வழி கிடைத்தது. இப்போது ஓர் அறையில் மட்டும்தான் ஏ.சி. ஓடுகிறது என்று சொன்னார்.

ஜன்னலை எண்ணாதீர்கள், அளந்து பாருங்கள்

மேலே சொன்ன அதே விதித்தொகுப்பு, நம்மைப் போன்ற வெப்பமும் ஈரமும் கலந்த ஊர்களில் திறக்கக்கூடிய பரப்பு வீட்டுத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அறை என்றால் 20 சதுர அடி. ஐந்துக்கு நாலு ஜன்னல் ஒன்று வைத்தாலே கணக்குச் சரியாகிவிடுகிறதே என்று தோன்றும். இழுத்துத் திறக்கும் ஜன்னலாக இருந்தால் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும். கையில் இருப்பது பத்து சதுர அடி. கொசுவலை அதிலும் கணிசமான காற்றைத் தின்னும். எனவே கீல் போட்டு முழுதாகத் திறக்கும் கதவு ஜன்னலைக் கேளுங்கள். "எல்லாரும் ஸ்லைடிங்தான் சார் போடுறாங்க" என்பார் ஜன்னல்காரர். உங்கள் அறைக்கு வரும் காற்றை அவர் சுவாசிக்கப்போவதில்லை.

ஒரே சுவரில் இரண்டு ஜன்னல் வைப்பதைவிட எதிரெதிர்ச் சுவரில் ஒவ்வொன்று வைப்பது பல மடங்கு மேல். எதிர்ச் சுவரில் முடியாவிட்டால் கதவுக்கு மேலே வென்டிலேட்டர் விடுங்கள். கிழக்கிலும் தென்கிழக்கிலும் திறப்பு தாராளமாக இருக்கட்டும், மாலைக் கடற்காற்றுக்கு அதுதான் வாசல். படுக்கையறை ஜன்னலின் அடிமட்டம் தரையிலிருந்து இரண்டடிக்கு மேல் போகக் கூடாது. மூன்றரை அடியில் வைத்தால் காற்று கட்டிலில் படுத்திருப்பவர் மேலே கடந்துபோய்விடும். கிரில் போட்டுவிட்டால் பாதுகாப்புக்கும் குறைவில்லை.

சுவர்ப் பொருள் பற்றிச் சுருக்கமாக. ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் செம்மண்ணில் ஏறத்தாழ ஐந்து சதவீதம் சிமென்ட் கலந்து அழுத்தி, சூளை இல்லாமல் செய்யும் கற்களைப் பல ஆண்டுகளாகக் கற்பித்துவருகிறது. விறகும் நிலக்கரியும் எரிக்காமல் கிடைக்கும் சுவர் அது. ஆரோவில் பார்வையாளர் மையத்தில் அதன் தரத்தைத் தொட்டுப் பார்க்கலாம். ஆனால் கல் எதுவாக இருந்தாலும் மேற்குச் சுவரில் நிழல் விழாவிட்டால் சுடும்.

பிறகுதான் இயந்திரம்

காற்று மெல்ல வீசினாலே உடம்புக்கு இரண்டு மூன்று பாகை குறைந்ததுபோல் இருக்கும். பழைய மின்விசிறி 70 முதல் 80 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. மின்விசிறி 30 வாட்டை ஒட்டி முடித்துக்கொள்ளும். நாளெல்லாம் சுழலும் வீட்டில் மாற்றிய செலவு சில ஆண்டுகளில் திரும்பிவிடும். ஏ.சி. தேவையே இல்லை என்று சொல்ல எனக்கு மனமில்லை. முதியவர், கைக்குழந்தை, இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குபவர் இருக்கும் வீட்டில் கத்திரி மாதம் கடினம். ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள். மேற்குச் சுவரும் வெறுங்கூரையும் இல்லாத அறையாக இருக்கட்டும். அதன் கதவு ஜன்னலை மட்டும் இறுக்கமாகச் செய்யுங்கள். 26-இல் வைத்து மின்விசிறியையும் சுழலவிடுங்கள். ஒவ்வொரு பாகை கூட்டும்போதும் ஏறக்குறைய ஆறு சதவீத மின்சாரம் மிஞ்சும் என்பது மத்திய எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. மற்ற அறைகள் திறந்த அறைகளாகவே இருக்கட்டும்.

வரைபடம் கைக்கு வந்ததும் அனுமதிக்குக் கொடுக்குமுன் மறுபடி மனைக்குப் போங்கள். கோலமாவுக் கோடுகள் அழிந்திருக்கும், உங்கள் குறிப்பு இருக்கும். வரைபடத்தில் ஒவ்வோர் அறையிலும் விரலை வைத்து இரண்டு கேள்வி கேளுங்கள்: காற்று எந்த வழியே வந்து எந்த வழியே போகிறது? மாலை நாலு மணி வெயில் எதில் விழுகிறது? பதில் கிடைக்காத அறையின் மேல் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, வரைந்தவரிடம் திருப்பிக் கொடுங்கள். காகிதத்தில் சுவரை நகர்த்தச் செலவே இல்லை. சென்ட்ரிங் அடித்த பிறகு ஒரு ஜன்னலை நகர்த்தவும் மேஸ்திரி தனிக் கூலி கேட்பார்.